என்எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் ஓர் அச்சகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே லினக்ஸ் போட்ட வடிவமைப்புக் கணினிகள், மாடியில் ஒரு சர்வர், எல்லா வேலைகளும் அந்தச் சர்வரில் ஒரே ஃபோல்டரில். அந்த ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகக் கணினிகளோடு பகிர்வது என்எஃப்எஸ், அதைக் கணினியில் ஓர் இடத்தில் இணைப்பது மவுண்ட். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப்பந்தல் பேனர், கோயில் அறிவிப்பு, காவடிக் குழுக்களின் சட்டை என்று வேலை குவிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு கணினியில் சர்வர் ஃபோல்டர் வரவில்லை என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். எனவே இந்தக் குறிப்பை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

எடுத்துக்காட்டுகளில் சர்வரின் முகவரி 192.168.10.5. அது பகிரும் ஃபோல்டர் /டேட்டா/வேலைகள். கணினிகளில் அது /வேலைகள் என்ற இடத்தில் மவுண்ட் ஆகிறது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

“அண்ணே, மவுண்ட் ஆகலை” என்று போன் வந்தால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். திரையில் என்ன எழுதியிருக்கு, அப்படியே வாசி. பக்கத்துக் கணினியில் வருதா?

இரண்டாவது கேள்வியின் பதிலே பாதி வேலையை முடித்துவிடும். எல்லாக் கணினியிலும் போயிருந்தால் சர்வரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் போயிருந்தால் சர்வரைத் தொடவே கூடாது. மற்றவர்கள் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய கணினிக்காகச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாருடைய வேலையும் நிற்கும். காரணத்தைக் காட்டக்கூடிய தடயமும் பெரும்பாலும் அழிந்துவிடும்.

முதல் கேள்வி இன்னும் முக்கியம். மவுண்ட் தவறும்போது “முடியாது” என்று சொல்வது மூன்றில் ஒருவர்: உங்கள் கணினி, நடுவில் இருக்கும் நெட்வொர்க், அல்லது சர்வர். யார் சொன்னது என்பது பிழைச் செய்தியின் வாசகத்திலேயே இருக்கிறது. செய்தி வராமல் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால், டெர்மினலில் நீங்களே மவுண்ட் கட்டளையை -வி விருப்பத்தோடு கொடுங்கள். எந்தப் பதிப்பில் முயல்கிறது, எந்த முகவரிக்குப் போகிறது என்று ஒவ்வொரு படியையும் அது சொல்லும். லினக்ஸின் மையமான கர்னல் என்ன சொல்கிறது என்பதை ஜர்னல்சிடிஎல் -கே காட்டும்.

## “ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்”

டிஸ்க்கே போய்விட்டதோ என்று பயமுறுத்தும் செய்தி. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில் என்எஃப்எஸ்ஸுக்கான துணை நிரல் இல்லை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் என்றால் என்எஃப்எஸ்-காமன் தொகுப்பையும், ஃபெடோரா, ராக்கி, ரெட் ஹேட் வகை என்றால் என்எஃப்எஸ்-யூடில்ஸ் தொகுப்பையும் நிறுவுங்கள். கோரிக்கை உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை என்பதால் சர்வர் பக்கம் தேட ஒன்றும் கிடையாது.

## “கனெக்ஷன் டைம்ட் அவுட்”, “நோ ரூட் டு ஹோஸ்ட்”, “கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்”

மூன்றையும் “நெட்வொர்க் பிரச்சினை” என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு.

ரெஃப்யூஸ்ட் என்று வந்தால் நல்ல செய்திதான். உங்கள் கோரிக்கை சர்வர் வரை போய்ச் சேர்ந்து, பதிலும் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கதவில், அதாவது போர்ட்டில், கேட்க ஆள் இல்லை. என்எஃப்எஸ் சேவை ஓடவில்லை. சர்வரில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்எஃப்எஸ்-சர்வர் என்று பாருங்கள். நின்றிருந்தால் ஏன் நின்றது என்பதை லாக்கில் படித்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

டைம்ட் அவுட் என்றால் பதிலே இல்லை. சர்வர் அணைந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், ஃபயர்வால் தரவுப் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். பிங் போகிறதா என்று பாருங்கள். பிங் போனால், என்எஃப்எஸ்ஸின் கதவு எண்ணான 2049ஐச் சோதிக்க என்சி -இசட்வி 192.168.10.5 2049 என்று கொடுங்கள். பிங் போய், 2049 திறக்கவில்லை என்றால் ஃபயர்வால்தான்.

நோ ரூட் டு ஹோஸ்ட் பலரை ஏமாற்றும். வழியில்லை என்று சொல்வதால் ரூட்டரை நோண்டப் போவார்கள். பிங் போகிறபோதே இந்தச் செய்தி வந்தால் அதுவும் பெரும்பாலும் ஃபயர்வால்தான். ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் ஃபயர்வால் சும்மா தூக்கிப் போடாமல் “தடை” என்று ஒரு பதிலை அனுப்பும். உங்கள் கணினி அந்தப் பதிலை இந்த வாசகமாகக் காட்டுகிறது.

எந்தக் கதவுகளைத் திறப்பது? என்எஃப்எஸ் 4ஆம் பதிப்புக்கு டிசிபி 2049 ஒன்றே போதும். 3ஆம் பதிப்புக்கு அது போதாது. எந்தச் சேவை எந்தக் கதவில் என்று சொல்லும் ஆர்பிசிபைண்ட் 111இல் வேண்டும், மவுண்ட் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் மவுண்ட்டி சேவைக்கும் ஒரு கதவு வேண்டும். ரெட் ஹேட் வகையில் மவுண்ட்டி வழக்கமாக 20048இல் இருக்கும். மற்ற இடங்களில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் எண் மாறக்கூடும். “நேற்று வேலை செஞ்சது, இன்னிக்கு இல்லை” என்ற புகாருக்கு இது ஒரு காரணம். ஆர்பிசிஇன்ஃபோ -பி 192.168.10.5 என்று கொடுத்தால் எந்தச் சேவை எந்த எண்ணில் என்று பட்டியல் வரும். முடிந்தவரை 4ஆம் பதிப்புக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒரே கதவு என்பது பராமரிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று, சிறிய அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. வைஃபை சிக்னல் பின்னறைக்கு வரவில்லை என்று யாராவது இன்னொரு ரூட்டரை வாங்கி மாட்டுவார்கள். அந்த ரூட்டர் தனக்கென்று வேறு முகவரி வரிசையைக் கொடுக்கும். மடிக்கணினியில் ஐபி அட்ரஸ் என்று பார்த்தால் 192.168.10 என்று இருக்க வேண்டிய இடத்தில் 192.168.1 என்று இருக்கும். இணையம் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், அச்சகத்தின் சர்வர் மட்டும் வராது. சில அமைப்புகளில் சர்வரைத் தொடவும் முடியும், ஆனால் கோரிக்கை வேறு உருவத்தில் போய்ச் சேரும். அந்தக் கதை அடுத்த பகுதியில். இதற்குத் தீர்வு, இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவது. எல்லாரும் ஒரே முகவரி வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

## “ஆக்ஸஸ் டினைட் பை சர்வர்”

இங்கே மறுப்பது சர்வர். நெட்வொர்க் சரி, சேவையும் ஓடுகிறது. உங்கள் கணினியைச் சர்வர் ஏற்கவில்லை. இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் ஃபோல்டருக்கு 777 பெர்மிஷன், அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும், கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கோப்புப் பெர்மிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கட்டம் இன்னும் வரவே இல்லை. சர்வர் இப்போது பார்ப்பது, எந்த ஃபோல்டரை யாருக்குப் பகிர்வது என்று எழுதியிருக்கும், ஈடிசி அடைவில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை மட்டும்.

சர்வரில் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி என்று கொடுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எழுதியிருப்பது நீங்கள் விரும்புவது. இந்தக் கட்டளை காட்டுவது இப்போது நடைமுறையில் இருப்பது. கோப்பைத் திருத்திவிட்டு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுக்க மறந்திருந்தால் இரண்டும் வேறாக இருக்கும். அந்தக் கட்டளை யாருடைய வேலையையும் நிறுத்தாமல் புதிய பட்டியலை ஏற்றிவிடும்.

பட்டியலில் உங்கள் முகவரி வருகிறதா என்று பாருங்கள். தனித்தனி முகவரியாக எழுதியிருந்தால், தானாக முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி புதிய முகவரி கொடுத்த அன்றே மறுப்பு வந்துவிடும். கணினிகளுக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள், இல்லையென்றால் 192.168.10.0/24 என்று வரிசை முழுவதையும் அனுமதியுங்கள். ஹோஸ்ட் பெயரால் எழுதியிருந்தால், சர்வர் உங்கள் முகவரியிலிருந்து பெயரைத் தேடும்போது அதே பெயர் கிடைக்க வேண்டும். சின்ன அலுவலகத்தில், பெயரையும் முகவரியையும் இணைக்கும் டிஎன்எஸ் ஒழுங்காக இருப்பது அபூர்வம். முகவரியால் எழுதுவதே நல்லது.

இப்போது இந்தக் கோப்பின் மிக ஆபத்தான இடைவெளியைப் பார்ப்போம். சரியான வரி இப்படி இருக்கும்:

/டேட்டா/வேலைகள் 192.168.10.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்)

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. யாராவது பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஓர் இடைவெளி விட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 192.168.10 வரிசைக்கு இயல்பான விருப்பங்கள் கிடைக்கும், அதாவது படிக்க மட்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் உரிமை உலகில் உள்ள எல்லா முகவரிக்கும் போய்விடும். சொந்த ஊழியர் கோப்பைச் சேமிக்க முடியாமல் தவிப்பார். விருந்தினர் வைஃபையில் இருப்பவர், சர்வரை எட்ட முடிந்தால், அழிக்கவே முடியும். “ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்” என்று ஒருவர் புகார் சொன்னால் நான் முதலில் இந்த இடைவெளியைத்தான் தேடுவேன்.

மேலே சொன்ன இரண்டாவது ரூட்டர் விஷயத்துக்கு வருவோம். சர்வர் இயல்பாகவே 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையைத்தான் ஏற்கும். ரூட்டர் முகவரியை மாற்றி அனுப்பும்போது போர்ட் எண்ணையும் பெரிய எண்ணாக மாற்றிவிடலாம். பட்டியலில் முகவரி சரியாக இருந்தும் மறுப்பு வருவது இதனால்தான். ஒரு மெய்நிகர்க் கணினிக்குள் ஓடும் லினக்ஸும் இதே சிக்கலில் மாட்டும். எக்ஸ்போர்ட் வரியில் இன்செக்யூர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சர்வர் ஏற்றுக்கொள்ளும். பெயர் பயமுறுத்தினாலும் நம்பிக்கையான உள் நெட்வொர்க்கில் இதனால் பெரிய இழப்பு இல்லை. ஆனாலும் நான் முதலில் ரூட்டரைத்தான் சரிசெய்வேன்.

காரணம் பிடிபடவே இல்லையா? ஒருமுறை -ஓ வெர்ஸ்=3 என்று கொடுத்து மவுண்ட் செய்து பாருங்கள். சர்வர் அந்தப் பதிப்பை அனுமதித்தால், மறுக்கும்போது மவுண்ட்டி காரணத்தையும் லாக்கில் எழுதும். அன்மேட்ச்ட் ஹோஸ்ட் என்றால் முகவரி பட்டியலில் இல்லை. இல்லீகல் போர்ட் என்றால் இப்போது சொன்ன போர்ட் விஷயம். 4ஆம் பதிப்பில் இந்த வரி கிடைப்பதில்லை என்பதால் இந்தச் சுற்றுவழி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பல்கலைக்கழகம், பெரிய நிறுவனம் என்றால் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இருக்கலாம். அப்போது கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் ஏற்காது, திரையில் வருவதோ இதே ஆக்ஸஸ் டினைட்தான். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும். குரோனிசி ட்ராக்கிங் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

## “நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி”

“மவுண்ட் பாயிண்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்” என்று இருந்தால் உங்கள் கணினியில் /வேலைகள் என்ற ஃபோல்டரே இல்லை. உருவாக்கிவிடுங்கள். “ரீசன் கிவன் பை சர்வர்” என்று இருந்தால் சர்வரில் அந்தப் பாதை இல்லை, அல்லது உங்களுக்குக் காட்டப்படவில்லை. 4ஆம் பதிப்பில் அனுமதியில்லாத பாதை கண்ணுக்கே தெரியாது என்பதால், உரிமைப் பிரச்சினைகூட இந்த வாசகத்தில் வரலாம். சர்வரில் எக்ஸ்போர்ட் வரி ஒன்றில் எஃப்எஸ்ஐடி=0 இருந்தால் அந்த ஃபோல்டரே வேராகிவிடும். /டேட்டா அப்படி வேராக இருந்தால் மவுண்ட்டில் /வேலைகள் என்று மட்டும் கொடுக்க வேண்டும்.

## “ப்ரோட்டோகால் நாட் சப்போர்ட்டட்”

பழைய நாஸ் பெட்டியும் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) புதிய லினக்ஸும் சந்திக்கும்போது வருவது. என்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 1984இல் பிறந்தது. 3ஆம் பதிப்பின் விவரக்குறிப்பு 1995இல் வந்தது, 4ஆம் பதிப்பு 2000இல், 4.1 2010இல், 4.2 2016இல். சில பழைய பெட்டிகளுக்கு 3க்கு மேல் தெரியாது. -ஓ வெர்ஸ்=3 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாறாக, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று கணினியில் எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பின் பழைய வரியில் யாரோ ப்ரோட்டோ=யுடிபி (டிசிபிக்குப் பதில் யுடிபி வழி) என்று எழுதி வைத்திருந்தால் அதை நீக்குங்கள். கர்னல் 5.6லிருந்து என்எஃப்எஸ்ஸுக்கான யுடிபி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. கணினியைப் புதுப்பித்த மறுநாள் மவுண்ட் போனது என்றால் இந்த வரியைச் சந்தேகியுங்கள்.

## மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் ஃபோல்டர் காலி

இந்த அறிகுறிதான் ஆளைக் கலங்கடிக்கும். பிழைச் செய்தி ஏதும் இல்லை. “அண்ணே, எல்லா வேலையும் அழிஞ்சு போச்சு” என்று குரல் நடுங்கும். முதலில் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஃபோல்டரில் இப்போதைக்கு எதையும் சேமிக்க வேண்டாம்.

கணினியில் ஃபைண்ட்எம்என்டி /வேலைகள் என்று கொடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மவுண்ட் ஆகவே இல்லை, நீங்கள் பார்ப்பது உங்கள் டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர். மவுண்ட் இருக்கிறது என்று வந்தால் சர்வரில் போய் அதே கட்டளையை /டேட்டாவுக்குக் கொடுங்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஏப்ரல், மே மாதங்களிலும் வருடக் கடைசியிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுத்து இடி இறங்கும், கரண்டு ஒரு நொடி போய் வரும். யுபிஎஸ் இல்லாத சர்வர் மறுபடி எழும்போது, வேலைகள் இருக்கும் பெரிய டிஸ்க் சோதனையில் மாட்டியோ வெளி டிஸ்க் மெதுவாக எழுந்தோ நேரத்துக்கு மவுண்ட் ஆகாமல் போகலாம். என்எஃப்எஸ் சேவை அதற்காகக் காத்திருக்காமல், டிஸ்க் வந்து உட்கார வேண்டிய அந்த வெற்று இடத்தையே பகிர்ந்துவிடும். கணினிகள் நல்லபடியாக மவுண்ட் செய்து, காலி ஃபோல்டரைக் காட்டும். யாராவது அங்கே புதிய கோப்பைச் சேமித்தால் அது சர்வரின் சிஸ்டம் டிஸ்க்கில் போய் உட்காரும். அப்புறம் பெரிய டிஸ்க் மேலே வந்து மூடும்போது அந்தக் கோப்பு மறைந்துபோகும். சேமிக்க வேண்டாம் என்று முதலில் சொல்லச் சொன்னது இதனால்தான்.

சர்வரில் டிஸ்க்கை மவுண்ட் செய்து, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுத்து, கணினிகளில் கழற்றி மறுபடி மாட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இனி நடக்காமலிருக்க, எக்ஸ்போர்ட் வரியில் மவுண்ட்பாயிண்ட் என்ற விருப்பத்தை, டிஸ்க் உட்காரும் இடமான /டேட்டாவைச் சுட்டி, சேர்த்துவிடுங்கள். அங்கே டிஸ்க் உண்மையிலேயே மாட்டப்பட்டிருந்தால் மட்டுமே சர்வர் பகிரும். காலி ஃபோல்டரைக் காட்டுவதைவிட மறுப்பது எவ்வளவோ மேல்.

மேல் ஃபோல்டர் சரியாக இருந்து உள்ளே ஒரு துணை ஃபோல்டர் மட்டும் காலி என்றால், அந்தத் துணை ஃபோல்டர் சர்வரில் வேறொரு டிஸ்க். எக்ஸ்போர்ட் வரியில் கிராஸ்எம்என்டி சேருங்கள்.

## “பெர்மிஷன் டினைட்”, அல்லது எல்லாக் கோப்பும் நோபடிக்குச் சொந்தம்

மவுண்ட் ஆகி, பெயர்களும் தெரிந்து, திறக்கும்போது மறுப்பு. இப்போதுதான் கோப்புப் பெர்மிஷன் பேச்சுக்கே வருகிறது.

சாதாரண அமைப்பில் உங்கள் கணினி சர்வருக்கு உங்கள் பெயரை அனுப்புவதில்லை, உங்கள் யூஐடி எண்ணை அனுப்புகிறது. ஐடி என்று டெர்மினலில் கேட்டால் எண் தெரியும். சர்வரில் அந்தக் கோப்பை எல்எஸ் -எல்என் என்று பார்த்தால் சொந்தக்காரரின் எண் தெரியும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு இயல்பாக 1000 என்ற எண் கிடைக்கும். ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாக நிறுவினால், ஒவ்வொரு கணினியின் முதல் பயனரும் 1000தான். சர்வருக்கு அவர்கள் எல்லாரும் ஒரே ஆள். யாருக்கும் மறுப்பு வராது, எனவே யாரும் புகார் சொல்வதில்லை. ஆனால் ஒருவர் மற்றவரின் கோப்பை அழித்தாலும் சர்வர் தடுக்காது. நான் புதிதாக ஓர் அலுவலகத்துக்குப் போனால் புகார் இல்லாவிட்டாலும் இதைச் சோதித்துவிடுவேன். ஆட்கள் குறைவாக இருந்தால் எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவருக்கும் நிலையாக ஒதுக்குங்கள். அதிகமானால் மையப் பயனர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்தும் எழுத முடியவில்லையா? அது கோளாறு அல்ல. சர்வர் வேண்டுமென்றே ரூட்டை நோபடி என்ற அதிகாரமில்லாத பயனராக மாற்றுகிறது, ரூட்_ஸ்க்வாஷ் என்று அதற்குப் பெயர். எரிச்சலில் அதை நீக்கிவிடாதீர்கள். ஒரு கணினியில் ரூட் கடவுச்சொல் கசிந்தால் சர்வரின் கோப்புகள் எல்லாம் அம்பேல்.

ஒருவருக்கு மட்டும், அதுவும் சில குழு ஃபோல்டர்களில் மட்டும் மறுப்பு என்றால் அவர் எத்தனை குழுவில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். இந்த வகை அடையாளத்தில் 16 குழுக்கள் வரைதான் போகும். 17ஆவது குழுவின் உரிமை வழியிலேயே உதிர்ந்துவிடும். சர்வரில் மவுண்ட்டியை மேனேஜ்-ஜிஐடிஎஸ் விருப்பத்தோடு ஓட்டினால் சர்வர் தானே குழுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும்.

எல்லாக் கோப்பும் நோபடி என்று தெரிந்தால், 4ஆம் பதிப்பில் சொந்தக்காரரின் பெயரை எண்ணாக மாற்றும் வேலை தவறியிருக்கிறது. ஐடிமேப்டி அமைப்புக் கோப்பில் டொமைன் என்ற வரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்திய பிறகு கணினியில் என்எஃப்எஸ்ஐடிமேப் -சி கொடுங்கள். பழைய நினைவு அழியாதவரை திருத்தம் பலிக்காது.

## கையால் கொடுத்தால் மவுண்ட் ஆகிறது, கணினி எழும்போது ஆவதில்லை

நெட்வொர்க் எழுவதற்கு முன்பே மவுண்ட் முயல்கிறது. திரையில் “எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்” என்று 90 வினாடி ஓடுவதும் இதுவே.

வைஃபை கணினியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வைஃபை கடவுச்சொல் அந்தப் பயனரின் பெட்டகத்தில் மட்டும் இருந்தால், அவர் லாகின் செய்த பிறகுதான் நெட்வொர்க்கே வரும். அதற்கு முன் எந்த மவுண்ட்டும் நடக்க வழியில்லை. நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் என்று மாற்றுங்கள்.

எஃப்எஸ்டேப் வரியில் நான் வைப்பது நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற இரண்டும். முதலாவது இருந்தால் மவுண்ட் தவறினாலும் கணினி எழுந்துவிடும். இரண்டாவது இருந்தால் கணினி எழும்போது மவுண்ட் செய்யாது. யாராவது ஃபோல்டரை முதல்முறை திறக்கும்போது செய்யும். கரண்டு போய் வந்தபின் கணினிகள் சர்வரை முந்திக்கொண்டு எழுந்தாலும் பிரச்சினை இல்லை. வரியைத் திருத்தியதும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுக்க வேண்டும்.

## எல்லாம் உறைந்து நிற்கிறது

டிஎஃப் கொடுத்தால் திரும்பி வருவதில்லை, கோப்பு மேலாளர் வெள்ளையாக நிற்கிறது, கண்ட்ரோல்-சி வேலை செய்யவில்லை. கர்னல் லாக்கில் “நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்” என்று இருக்கும். இது என்எஃப்எஸ்ஸின் இயல்பு. ஹார்ட் முறையில் சர்வர் திரும்பும்வரை அது விடாமல் முயலும், திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காத்திருக்கும் நிரலை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் கில் -9 மட்டுமே எடுபடும்.

உறைவதைத் தவிர்க்க சாஃப்ட் முறைக்கு மாற்றச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். எழுதும் ஃபோல்டருக்கு அதைச் செய்யாதீர்கள். எழுத்து நடுவில் நேரம் முடிந்தால் நிரலுக்குப் பிழை போகும், அதைப் பல நிரல்கள் கவனிப்பதில்லை, பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். பேனர் கோப்பு பாதியில் கெட்டுப்போவதைவிட பத்து நிமிடம் காத்திருப்பது நல்லது.

சர்வர் ரீஸ்டார்ட் ஆன உடனே உறைந்தால் பொறுமையாக இருங்கள். 4ஆம் பதிப்பில், கோப்புகள்மீது கணினிகள் வைத்திருந்த பழைய பூட்டுகளைத் திரும்பக் கோர 90 வினாடி அவகாசம் உண்டு. அதுவரை புதிதாகக் கோப்பைத் திறப்பது நிற்கும்.

சின்னக் கோப்பு திறக்கிறது, பெரிய கோப்போ கோப்புகள் நிறைந்த ஃபோல்டரோ உறைகிறது என்றால் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. யாரோ சர்வரில் 9000 என்று வைத்திருப்பார்கள், நடுவில் இருக்கும் மலிவான சுவிட்ச் 1500க்கு மேல் விடாது. பிங் -எம் டூ -எஸ் 8972 என்று கணினியிலிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து கணினிக்கும் கொடுங்கள். 28 பைட் தலைப்போடு சேர்ந்து 9000 ஆகும். போகவில்லை, 1472 மட்டும் போகிறது என்றால் சர்வரை 1500க்கு இறக்கிவிடுங்கள். சிறிய அலுவலகத்தில் பெரிய பொட்டலத்தால் கிடைக்கும் வேகம் இந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

## “ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்”

நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபோல்டர் சர்வரில் அழிக்கப்பட்டு, அதே பெயரில் வேறொன்று வந்திருக்கிறது. பேக்அப்பிலிருந்து புதிய டிஸ்க்குக்கு எடுத்து வைத்த பிறகு எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் மாறிவிட்டது. டெர்மினலை அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்தி, யூமவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்யுங்கள். “டார்கெட் இஸ் பிஸி” என்றால் எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று ஃபியூசர் -விஎம் காட்டும். அதை மூட முடியாத நிலையில் மட்டும் யூமவுண்ட் -எல்.

## ஒரு கணினி மவுண்ட் செய்தால் இன்னொன்று திணறுகிறது

ஒரு கணினியை அமைத்து, அதன் டிஸ்க்கையே படியெடுத்து மற்றவற்றில் போட்டிருந்தால் வருவது இது. கணினிப் பெயரும் சேர்ந்து படியாகியிருக்கும். 4ஆம் பதிப்பில் லினக்ஸ் தன்னைச் சர்வருக்கு அறிமுகப்படுத்தும் அடையாளத்தில் கணினிப் பெயர்தான் முக்கியப் பகுதி. ஒரே பெயரில் இரண்டு கணினிகள் வந்தால், முதல் கணினிதான் ரீஸ்டார்ட் ஆகி வந்திருக்கிறது என்று சர்வர் நினைத்து அதன் பூட்டுகளை விடுவித்துவிடும். முதல் கணினி திரும்பப் பிடிக்கும், இரண்டாவது இழக்கும். இருவரும் தனித்தனியாகப் புகார் சொல்வார்கள், எந்தக் கணினியைத் தனியாகச் சோதித்தாலும் குறை தெரியாது.

ஹோஸ்ட்நேம்சிடிஎல் கொடுத்து இரண்டு பெயரையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயரை மாற்ற முடியாத சூழல் என்றால் என்எஃப்எஸ் மாட்யூலின் என்எஃப்எஸ்4_யுனீக்_ஐடி அளபுருவில் கணினிக்கு ஒன்றாகத் தனி மதிப்பைக் கொடுக்கலாம். புதிய கணினிகளைப் படியெடுத்து வைக்கும்போதே இதைச் செய்துவிட்டால் இந்தப் புகார் வராது.